வெப்பம் இறைக்கும் கமலை

மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில் ஒரு ராத்திரி. படுக்கையறையில் ஏசி 18-ல் ஓடிக்கொண்டிருந்தது. அறை புழுங்கிக்கொண்டிருந்தது. எண்பதைத் தாண்டிய என் அம்மா, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இப்படி ஆவது அது மூன்றாவது கோடை. முதல் கோடையில் வந்தவர், "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று நிரப்பிவிட்டுப் போனார். அடுத்த கோடையில் வேறொருவர் வந்து அதையே சொன்னார், அதையே செய்தார். இரண்டு முறையும் கேட்ட பணத்தைக் கொடுத்தேன். மறுத்துக் கேட்க எனக்கு எதுவும் தெரியாது.

இந்த முறை வந்தவர் ஐம்பது வயதுக்காரர். பையிலிருந்து மீட்டரை எடுக்கும் முன்பே இன்டோர் யூனிட்டின் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினார். சாம்பல் நிறக் கம்பளித் துணிபோல் தூசி படிந்திருந்தது. அதைக் கழுவக் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போனார். சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சோப்பு கேட்டு வாங்கி, நுரை வரக் குழைத்து, அவுட்டோர் யூனிட்டில் செப்புக் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் தடவினார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழ் எழும்பி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"ஃப்ளேர் நட்டுல லீக் சார். ரெண்டு தடவை நீங்க போட்ட கேஸும் இந்த வழியாத்தான் போயிருக்கு."

அந்தக் குமிழைப் பார்த்த நாளிலிருந்து ஏசி மெக்கானிக் யாரைக் கண்டாலும் நின்று பேச ஆரம்பித்தேன். வீட்டில் டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும்விட அதிக மின்சாரம் தின்னும் இந்தப் பெட்டியைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கடன் வாங்கி, தவணை கட்டி வாங்குகிறோம். வாங்கிய பிறகு ரிமோட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்.

ஏசிக்குள் நடப்பது என்ன?

ஏசி குளிரைத் தயாரித்து அறைக்குள் கொட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது குளிரைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கமலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சால் என்ற இறைவாளி கிணற்றுக்குள் இறங்கும், நிரம்பும். மாடுகள் சரிவில் இறங்க இறங்க மேலேறும். வாய்க்காலில் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்ப இறங்கும். இங்கே கிணறு உங்கள் அறை, தண்ணீர் அறையின் வெப்பம். சால் என்பது குழாய்க்குள் சுற்றிவரும் கேஸ். மாடு, கம்ப்ரஸர். இன்டோர் யூனிட்டின் கூலிங் காயிலில் அந்தக் கேஸ் திரவத்திலிருந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளியே தள்ளுகிறது. அவுட்டோர் யூனிட்டின் கண்டென்ஸர் காயிலில் வெப்பத்தைத் தெருக்காற்றில் கொட்டிவிட்டு, மறுபடி திரவமாகி உள்ளே திரும்புகிறது.

எவ்வளவு இறைக்கும் என்பதைத்தான் 'டன்' என்ற கணக்கில் சொல்கிறார்கள். இது ஏசியின் எடை இல்லை. ஐஸ் வியாபாரக் காலத்திலிருந்து வந்த அளவு. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் ஐஸ், அதாவது சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ அதுதான் ஒரு டன். சென்னைக்கு இந்த ஐஸ் கதையோடு நேரடி உறவே உண்டு. மெரினா எதிரில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம், 1842-ல் ஃப்ரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, தன் நாட்டு ஏரிகளில் வெட்டிக் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு. அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட் அளவுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பத்தை இறைக்கும் கமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. சால் ஒழுகினாலும் வாய்க்கால் அடைபட்டாலும் மாடு இழுத்துக்கொண்டேதான் இருக்கும், தீவனமும் தின்னும். தண்ணீர் மட்டும் மேலே வராது.

கேஸ் எங்கே போனது?

இறைக்க இறைக்கச் சால் தீர்ந்துபோவதில்லை. ஏசியின் கேஸும் அப்படித்தான். பெட்ரோல்போல் எரிந்து தீரும் பொருள் அது இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, அவ்வளவுதான். நல்லபடியாக மாட்டிய ஏசியில் பத்து வருடம் ஆனாலும் தொழிற்சாலையில் போட்ட கேஸ் அப்படியே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது, ஓட்டைச் சாலைத் தைக்காமல் மறுபடி கிணற்றில் இறக்குவதுதான்.

நல்ல மெக்கானிக் செய்யும் வரிசை வேறு. முதலில் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைத் தேடுவார். நட்டு லூஸா, குழாயில் விரிசலா, காயிலே அரித்துவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்வார். அதன் பிறகு வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்சி எடுப்பார். கடைசியாகத்தான் கேஸ். அதையும் கை மதிப்பில் விடமாட்டார். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். தராசு வைத்து அந்த அளவு மட்டும் ஏற்றுவார். 'இன்னும் கொஞ்சம் போட்டா நல்லாக் குளிரும்' என்பது பொய். கூடினாலும் கம்ப்ரஸருக்குச் சுமை.

வேக்யூம் போடாமல் நிரப்புவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. நேரம் மிச்சமாகிறது என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயைக் கெடுத்து, வருடங்கள் கழித்துக் கம்ப்ரஸரையே காவு வாங்கும். அன்றைக்கு யாரும் இன்றைய வேலையோடு அதை முடிச்சுப்போட மாட்டார்கள். ஆகவே கேஸ் நிரப்ப வருகிறவரிடம், "லீக் எங்கேன்னு காட்டுங்க, வேக்யூம் போடுங்க, தகட்டுல எத்தனை கிராம் போட்டிருக்குன்னு பாருங்க" என்று கேட்டுவிடுங்கள். தொழில் தெரிந்தவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். மகிழ்வார்.

எந்தக் கேஸ் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 2,000 மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது. இப்போது பெரும்பாலான வீட்டு ஏசிகளில் வருவது ஆர்-32. இதன் வீரியம் 675 மடங்கு. சில ஏசிகளில் ஆர்-290 இருக்கிறது. அது புரொபேன், அடுப்பெரிக்கும் வாயுவின் உறவு. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும், ஆர்-290 நன்றாகவே பற்றும். பழைய ஆர்-22 காலத்துப் பழக்கத்தில், குழாய்க்குள் கேஸ் இருக்கும்போதே வெல்டிங் நெருப்பைக் காட்டுவது இந்த ஏசிகளில் உயிருக்கு உலை வைக்கும் வேலை.

ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும், மான்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். அது அரசாங்கங்களின் கணக்கு. என் பால்கனியில் இரண்டு வருடம் கசிந்து போனதும் அந்தக் கணக்கில் சேரும் கேஸ்தான். மாடி மாடியாக இப்படிக் கசியும் நட்டுகளை எந்த உடன்படிக்கையும் வந்து முறுக்காது.

தூசி, உப்பு, பாசி

இனி நீங்களே செய்யக்கூடியது. ஃபில்டர். ஏசி ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உருவி, குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம். தெருவோர வீடு, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்றால் வாரம் ஒரு முறை. ஃபில்டர் அடைத்தால் காயிலுக்குக் காற்று போகாது. வெப்பத்தை அள்ள வழி இல்லாமல் காயில் மேலும் மேலும் குளிர்ந்து, கடைசியில் அதன் மேலேயே பனி உறைந்துவிடும். அப்போது வீசும் காற்று குறையும், அறை புழுங்கும், நாம் 'கேஸ் போச்சு' என்று போனை எடுப்போம். கேஸ் குறைந்தாலும் காயிலில் பனி பிடிக்கும் என்பதால் குழம்புவது எளிது. ஆகவே முதலில் ஃபில்டர், பிறகு மெக்கானிக்.

ஃபில்டரைத் தாண்டிப் போன பொடி காயிலில் ஒட்டும். ஈரத்தில் கலந்து களிம்பாகும். அதற்குத்தான் வாட்டர் சர்வீஸ். அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சிக் காயிலைக் கழுவுவது. மாசி, பங்குனியிலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, ஒரு நாளில் ஓடி ஓடிப் பல வீடுகளைப் பார்ப்பார்கள். அவசரத்தில் செய்யும் சர்வீஸ், மேலே தண்ணீர் காட்டிவிட்டுப் போவதாகத்தான் இருக்கும். அலுமினியத் தகடுகள் காகிதம்போல் மெல்லியவை. கிட்டத்தில் வைத்து அதிக அழுத்தத்தில் அடித்தால் மடங்கிக்கொள்ளும், காற்று போகாது. ஆசிட் கலந்த கரைசல் தெளித்துப் பளபளவென்று காட்டுவதையும் அனுமதிக்காதீர்கள். அந்தப் பளபளப்பு, உலோகம் கரைந்து வந்தது.

கடற்கரையோர வீடுகளுக்கு இன்னொரு எதிரி உண்டு. பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் தூத்துக்குடியிலும் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் அதே உப்பு, அவுட்டோர் யூனிட்டின் காயிலிலும் படிகிறது. தகடுகள் பொடிந்து உதிரும். குழாயில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். இதற்கு மருந்து மிக எளிது: நல்ல தண்ணீர். பிளக்கை அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலின் பின்பக்கத்தில் மாதம் ஒரு முறை தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிட்டாலே அதன் ஆயுள் கூடும். போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றால் அதை விடாதீர்கள்.

அவுட்டோர் யூனிட் மூச்சு விட இடம் வேண்டும். அதன் முன்னால் செடித் தொட்டி, துணி உலர்த்தும் கொடி, பழைய சைக்கிள் என்று அடைத்து வைத்திருக்கும் பால்கனிகளைத் தெருத்தெருவாகப் பார்க்கிறேன். மழை நனைக்காமலிருக்க என்று ஓடும்போதே உறை மாட்டியவர்களும் உண்டு. மழையில் நிற்கவே செய்யப்பட்ட பெட்டி அது. அடுக்குமாடிகளில் ஒரே சந்துக்குள் எதிரும் புதிருமாக எட்டுப் பத்து அவுட்டோர்களை மாட்டுவது அதைவிட மோசம். ஒன்று கொட்டிய வெப்பத்தை இன்னொன்று உறிஞ்சுகிறது. வாய்க்கால் தண்ணீர் திரும்பக் கிணற்றிலேயே விழுவதுபோல.

இன்டோரிலிருந்து சுவரில் தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் ட்ரெயின் பைப்பில் பாசி. காயிலில் வேர்த்து வடியும் நீர் வெளியேறும் குழாய் அது. தூசியும் ஈரமும் சேர்ந்து கொழகொழவென்று அடைத்துக்கொள்ளும். ஊதியோ உறிஞ்சியோ எடுத்தால் தீர்ந்தது. புழுக்க நாளில் இந்தத் தண்ணீர் வாளிக் கணக்கில் வரும். தரை துடைக்க, வாசல் தெளிக்கப் பயன்படுத்தலாம். காயிலின் தூசியும் உலோகமும் கலந்தது என்பதால் குடிக்கவோ இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றவோ ஆகாது.

ஏசி போட்டதும் நனைந்த கோணி வாடை அடித்தால், அது ஈரக் காயிலில் வளர்ந்த பூஞ்சை. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் அதைச் சும்மா விடக்கூடாது. அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும், வாடை பிறக்காது.

பதினெட்டு வேண்டாம்

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் நம்பிக்கை. ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரஸர் உள்ள ஏசி, 18-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எப்போது நிற்பது என்பது மட்டும் தள்ளிப்போகும். இன்வெர்ட்டர் ஏசியின் பெருமையே தேவைக்குத் தக்கபடி மெதுவாக ஓடுவதுதான். 18 என்று அதட்டினால் அதுவும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு ஆழமாக ஆக மாட்டுக்கு இழுவை கூடுவதுபோல, வெளியே 38, உள்ளே 18 என்றால் அந்த இருபது டிகிரி ஏற்றத்துக்கு நீங்கள்தான் தீவனம் போடுகிறீர்கள்.

ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை கொண்ட அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர், 20-க்குக் கீழே இறக்கவே முடியாதபடி செய்யப்போவதாக அறிவித்தார். சட்டம் வருகிறதோ இல்லையோ, 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

சென்னைபோன்ற ஊரில் நம்மை வாட்டுவது வெப்பத்தோடு சேர்ந்த ஈரம். 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததே மனிதருக்காக இல்லை, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் சுருங்கி விரியாமலிருக்க. ஈரம் உறிஞ்சப்பட ஏசி தொடர்ந்து ஓட வேண்டும். சின்ன அறைக்கு இரண்டு டன் வாங்கி மாட்டினால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கி, குளிரும் கசகசப்பும் சேர்ந்த சங்கடம்தான் மிஞ்சும். பெரிது வாங்கினால் நல்லது என்பது ஏசியில் செல்லாது.

மின்விசிறியையும் கவனியுங்கள். பழையது 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றுக்கு 30 வாட் அளவில் முடித்துவிடும். வீட்டில் நான்கு விசிறி நாள் முழுக்க ஓடுகிறது என்றால் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய விசிறி திடீரென்று மெதுவாகச் சுற்றினால் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கும். மாற்றச் சில நூறு ரூபாய்கூட ஆகாது.

நம் மின்கட்டண முறையில் இந்தச் சிக்கனத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. அதற்குள் இருந்தால் தொடக்க யூனிட்டுகளில் ஒரு பகுதிக்குச் சலுகை விலை உண்டு. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை விலை போய்விடும், மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும். அடைத்த ஃபில்டரும் 18 டிகிரியும் சேர்ந்து ஒரு குடும்பத்தை அந்த வரப்புக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடப் போதும்.

வயரிங் பற்றி ஒரே ஒரு வார்த்தை, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டிய வார்த்தை. ஏசிக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். செப்பு வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருபோதும் செருகாதீர்கள். பிளக் சூடானாலோ கறுத்திருந்தாலோ அன்றே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தலைக்கு மேலே தணல்

2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த நாளை மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் கழித்தவர்களுக்கு, ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் சுடுவது நினைவிருக்கும். வெறும் கான்கிரீட் தளம் கோடை மதியத்தில் 50 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூடு தளத்துக்குள் மெல்ல இறங்கி, நாம் படுக்கும் நேரத்தில்தான் உள்பக்கம் வந்து சேர்கிறது. ஏசி இறைக்க இறைக்க மேலிருந்து ஊற்று ஊறிக்கொண்டே இருக்கும். இந்த ஊற்றை அடைக்காமல் இன்னொரு அரை டன் கூட்டி வாங்குவதில் பயன் இல்லை.

நம் கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற பழைய தளம், மர உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதற்கும் மேலே தட்டோடு பதித்தது. சூடு இறங்க அத்தனை அடுக்குகளைக் கடக்க வேண்டும். சிமென்ட் தளம் வந்தபோது, செலவு மிச்சம் பிடிக்க முதலில் வெட்டியது இந்த மேல் அடுக்குகளைத்தான்.

இன்றும் வழி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை, மாசியில் மாடியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு கோட் அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுகளும் கடைகளில் கிடைக்கின்றன. வெறுங்காலோடு நடந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அந்த வெள்ளையில் தூசி படிந்தால் பலன் குறையும், ஆகவே கோடை நடுவில் ஒரு முறை கூட்டிக் கழுவ வேண்டும். மேற்குச் சுவரின் ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ பந்தலோ கட்டுவது பலமடங்கு நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் அறிவித்த தமிழ்நாடும், அரசு கட்டும் ஒவ்வொரு அடுக்குமாடியின் கூரையிலும் வெள்ளைப் பூச்சைக் கட்டாயமாக்க வேண்டும். ஏசி வாங்க முடியாத குடும்பங்களுக்கு அதுதான் முதல் நிவாரணம்.

ஏர்கூலர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். வேலூர், கரூர், திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட கோடையில் அது அருமையாக வேலை செய்யும், ஜன்னலைத் திறந்துவைத்தால். கடலோரப் புழுக்கத்தில் ஈரத்தைத்தான் கூட்டும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

மலையில் வேறு கணக்கு

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர் இரவு வேறு மாதிரி. அங்கே வேண்டியது சூடு. கரி அடுப்பையோ பார்பிக்யூ தணலையோ அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி மலையிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். புகை வரவில்லையே என்று நம்பாதீர்கள். மூடிய அறைக்குள் தணல் கூடவே கூடாது. காற்று வெளியேற வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டுவதும் இதே ஆபத்துதான்.

சுருள் கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு தரும். 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி அதே யூனிட்டுக்கு மூன்று மடங்கு அளவு தரும். நம் கமலையைத் திருப்பிப் போட்டதுதான் அது: வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தை இறைத்து உள்ளே கொட்டுகிறது. மலையில் நிரந்தரமாக இருப்பவர்கள் யோசிக்கலாம்.

சமவெளியில் நமக்கு இருக்கும் ஒரே சூட்டுக் கருவி கீசர். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு அதன் காயிலில் ஓடுபோல் படிந்து, சூடேற நேரம் கூட்டி, கடைசியில் காயிலையே எரித்துவிடும். உள்ளே மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது. டேங்க்கை அரிக்க வேண்டிய தண்ணீர் தன்னை அரிக்கட்டும் என்று தன்னைக் கொடுக்கும் தண்டு. அது கரைந்து முடிந்தால் அடுத்தது டேங்க். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று யாராவது அடைத்தால், உடனே தடுத்துவிடுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்

என் வீட்டு நட்டைச் சரிசெய்த மெக்கானிக், வேலை முடிந்து மோர் குடித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்ல பால்கனி இருக்கு சார், உக்காந்து சோப்பு போட்டுப் பாத்தேன். நாலாவது மாடியில ஜன்னலுக்கு வெளியே தொங்குற அவுட்டோர்ல எப்படிப் பாக்குறது? ஒரு கால் சன்ஷேடு மேல, ஒரு கை கம்பியில. கேஸைப் போட்டுட்டு எறங்குனாப் போதும்னுதான் தோணும்."

கசிவைத் தேடாமலே இரண்டு முறை பணம் வாங்கியவர்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கே கரைந்தது. ஏமாற்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒழுங்காக வேலை செய்ய நிற்கக்கூட இடம் தராமல் ஒழுங்கை எதிர்பார்ப்பதும் நம் வழக்கமாக இருக்கிறது. சன்ஷேடு ஒரு மனிதரின் எடையைத் தாங்கக் கட்டப்பட்டது இல்லை. கம்பிக் கூண்டில் வைத்து, சுவரில் நான்கு போல்ட்டில் தொங்கவிடும் அவுட்டோர் யூனிட்டைக் கழற்றவும் மாட்டவும் போய்க் கீழே விழுந்து இறந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன்கள். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல் திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றது. பயிற்சி நல்லதுதான். கயிறும் பிடிமானமும் அதற்கு முன்பே வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களும் பிளாட் வாங்குகிறவர்களும் பூஜை அறை எந்தத் திசை என்று கேட்கும்போதே, அவுட்டோர் யூனிட் எங்கே வரும், அதன் பக்கத்தில் ஒருவர் இரண்டு காலையும் ஊன்றி நிற்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏற்கெனவே வெளியே தொங்கிக்கொண்டிருந்தால், அடுத்த சர்வீஸுக்கு வருகிறவரிடம் பாதுகாப்புக் கயிறு கொண்டுவந்தீர்களா என்று கேட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கொண்டுவரவில்லை என்றால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி நாம் மின்விசிறியில் படுத்துக்கொள்ளலாம்.